உன் வீட்டுச் சாவி அம்மாவிடம் இருக்கிறது

மனே,

போன கிழமை நீ தொலைபேசியில் சொன்னதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "ஆ... ஓம்... சரி" என்று உருட்டிவிட்டு, போனை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துப் பக்கம் போய்விட்டேன். உத்தியோக காலம் முழுக்க பஸ்ஸில் கண்டக்டராக நின்று தொண்டை கிழியக் கத்தியவனுக்கு, பெற்ற மகளோடு போனில் நாலு வார்த்தை கோர்வையாகப் பேச வராது. அது உனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுதினால் நீ இடையில் மறித்துக் கேள்வி கேட்க மாட்டாய் என்ற வசதியும் இருக்கிறது. கேள்வி கேட்பதே உன் தொழிலாகிப் போனது, என்ன செய்ய?

நீ சொன்னது இதுதான். நோர்வேயில் நீ படிப்பிக்கிற பல்கலைக்கழகம் உன்னை நிரந்தரமாக வைத்துக்கொள்ளக் கேட்கிறது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். நீயோ வேண்டாம் என்று எழுதப் போகிறாய். "அப்பாவும் அம்மாவும் பின்வீட்டில கிடக்கிறீங்க, முன்வீடு பூட்டிக் கிடக்கு. என்ட வீட்டில நான் வந்து இருக்கிறதுதானே முறை. ரெண்டு பேருமா வாறம்" என்றாய். மருமகனும் சம்மதம் என்றாய். உன் குரலில் சந்தோசம் இருந்திருந்தால் நான் அன்றைக்கே பட்டாசு வாங்கியிருப்பேன். சந்தோசம் இல்லை, மகள். கடமைக்குப் பேசுகிற குரலை நான் கேட்டிருக்கிறேன். இந்த வேலைக்காக நீ எத்தனை காலம் நடந்தாய் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வீட்டுக்காக அதைக் கைவிடப் போகிறாய் என்றதும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அம்மாவிடம் வயிறு சரியில்லை என்று சொல்லிவைத்தேன். அவள் ஓமத் தண்ணீர் தந்தாள். அதையும் குடித்தேன்.

அந்த வீட்டைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். இதை நீ மருமகனுக்கு அவருடைய பாசையில் சொல்லிக் காட்டுவாய், உன் சிநேகிதர்களுக்கும் காட்டுவாய். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் கட்டினால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்சாதி வீட்டுக்குப் போய்விடுவான். பெண் பிறந்த வீட்டிலேயே இருப்பாள். தாயும் தகப்பனும் அதே வளவில் சின்னதாக ஒரு வீட்டைப் போட்டுக்கொண்டு விலகிவிடுவார்கள். குடி என்று சொல்கிறோமே, அந்த வம்சப் பெயர், அதுவும் தாய் வழியாகத்தான் வரும். உலகத்தில் மிச்சப் பேர் எல்லாம் இதற்கு எதிர்மாறு, பெண்தான் புருசன் வீட்டுக்குப் போகிறாள் என்று நீ முதலாம் வருசத்தில் படித்துவிட்டு வந்து சொன்னாய். அம்மா அரிவாள்மனையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "பாவம்கா அந்தப் பொம்புளையள்" என்றாள்.

உன் கல்யாணத்துக்கு முதல் நாள் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். முறைப்படி நாங்கள் இருவரும் எங்கள் படுக்கையைப் பின்வீட்டுக்குத் தூக்கினோம். மருமகன் அதைப் பார்த்துவிட்டார். தன்னால்தான் வயதானவர்கள் வீட்டைவிட்டு வெளியேறுகிறார்கள் என்று நினைத்து, மனிதர் முகம் சிவந்து, ஓடிவந்து மெத்தையின் மறுபக்கத்தைப் பிடித்து உள்ளே இழுத்தார். நான் வெளியே இழுத்தேன். அவர் உள்ளே இழுத்தார். பந்தல் போட வந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். நீ வந்து விளங்கப்படுத்தியும் அவருக்கு மனம் ஆறவில்லை. அம்மா பிந்திப் போய்த் தலையணைகளைக் கொண்டுவரப் பார்த்தால், ஒன்றை அவர் ஒளித்துவைத்திருக்கிறார். அன்றைக்கு இரவு அம்மா சொன்னாள்: "பொடியன் நல்லவன். நம்மளை வெளியில போகவிட மனமில்ல அவனுக்கு." அவளுக்கு நோர்வேக்கார மருமகன் உறவானது அந்தத் தலையணையால்தான்.

நீங்கள் இருவரும் விடுமுறை முடிந்து போய்விட்டீர்கள். நாங்கள் முன்வீட்டுக்குத் திரும்பவில்லை. நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மாரி மழைக்குப் பின்வீட்டுக் கூரை ஒழுகியது, நாலு நாளைக்கு முன்னுக்குப் போய்ப் படுப்போம் என்றேன். "மகளுக்குக் குடுத்த வீட்டில மறுகாப் போய்ப் படுக்கிறதா? ஊர் சிரிக்காதா?" என்றாள். ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டுப் படுத்தோம். காலையில் எழும்பினால் முன்வீட்டைக் கூட்டுவாள், பொழுதுபட விளக்கு வைப்பாள், திரும்பப் பூட்டுவாள். ஆளில்லாத வீட்டுக்கு அவ்வளவு உபசாரம். நீ போனில் பார்த்த பூட்டிய கதவு இதுதான். அதைப் பார்த்துத்தான் உன் மனம் குழம்பியது என்று எனக்குத் தெரியும்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன் சமூகவியல் படிப்பை நான் ஆரம்பத்தில் ஒரு படிப்பாகவே எண்ணவில்லை. ஆனால் அது எனக்குச் செய்த நன்மையை நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாம் ஒரு கோயில் திருவிழாவில் தொடங்கியது. உனக்கு அப்போது பால் பற்கள் விழுந்துகொண்டிருந்த வயது. நம் கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் திருவிழா. அம்மாவின் குடியாருடைய நாளில் நான்தான் தோரணம் கட்டுவேன், அடுப்பு மூட்டுவேன், அன்னதானச் சோற்றைக் கிண்டுவேன். காளாஞ்சி மரியாதை கொடுக்கும்போது மட்டும் ஒதுங்கி நிற்பேன், அது அந்தக் குடியாருக்கு. நீ என் சாரத்தைப் பிடித்து இழுத்து, "அப்பாட குடிக்கு எப்ப திருவிழா?" என்று கேட்டாய். அம்மா சொன்னாள், "அப்பாக்கு இஞ்ச நாள் இல்ல மனே. அப்பா வந்தவர்." நீ கொஞ்சம் யோசித்தாய். பிறகு கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எவ்வளவு காலத்துக்கு வந்தவர்?" என்று கேட்டாய். கோயிலை நடத்துகிற வண்ணக்கர் ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டார். இப்போது நீ பெரிய பெரிய மண்டபங்களில் நின்று வேறு சொற்களில் கேட்கிறாயே, அதுவும் இதே கேள்விதான் என்று நான் நினைக்கிறேன். பிழை என்றால் திருத்து.

நான் கரடியனாறு ஊரான். வயலும் காடும் சூழ்ந்த ஊர். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குடித்து, குளத்து மீன் தின்று வளர்ந்தவன். ஏறாவூருக்கு இங்கால், இந்த வாவிக்கரை ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தபோது எனக்குத் தோணியில் நிற்கத் தெரியாது. மச்சான்மார் முதல் கிழமையே என்னைத் தோணியில் ஏற்றி, நடுவாவியில் வேண்டுமென்றே ஆட்டி, தண்ணீரில் தள்ளிவிட்டார்கள். "கரடி குளிக்குது" என்று கரையில் நின்ற பிள்ளைகள் கத்தினார்கள். எனக்குப் பெயர் இருந்தது. ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. 'கரடியனாத்தார்' என்றுதான் கூப்பிட்டார்கள், இன்றைக்கும் அப்படித்தான். நானும் விட்டுக்கொடுக்காமல், வாயைத் திறந்தால் "எங்கட கரடியனாத்தில..." என்று தொடங்குவேன். எங்கட கரடியனாத்தில இப்பிடிச் சமைக்கிறல்ல, எங்கட கரடியனாத்தில இப்பிடி வேலி கட்டுறல்ல. ஒருநாள் உன் அம்மாவின் மாமா, நல்ல மனிதர், வெற்றிலையை மென்றபடி கேட்டார்: "அவ்வளவு நல்ல ஊரெண்டா என்னத்துக்கு மருமகன் இஞ்சால வந்தீங்க?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நாள் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கும்போது, காரணமில்லாமல் கண்ணீர் வந்தது. தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

இதையெல்லாம் நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆண்பிள்ளை சொல்கிற கதையா இது? ஊரில் கல்யாணம் கட்டி வந்த ஆண்கள் எல்லாரும் அப்படித்தானே வந்தார்கள். கம்பஸில் மூன்றாம் வருசம் படிக்கும்போது நீ ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாய். பாடத்துக்கு ஒரு பேட்டி வேண்டும் என்றாய். நான் சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். நாட்டு நிலைமை கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்டது, "அப்பா, இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் என்ன சாப்பிட்டீங்க?" அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்கு நான் பொழுதுபடும்வரை பேசினேன். நண்டுக் கறியைப் பார்த்ததும் எப்படி உடைப்பதென்று தெரியாமல் வெறும் குழம்போடு சாப்பிட்டேன் என்று சொன்னேன். நல்ல வரால் மீன் குழம்பு சாப்பிட வேண்டும் என்று எத்தனையோ நாள் ஆசைப்பட்டேன், கேட்டால் இந்த ஊர்ச் சாப்பாட்டைக் குறை சொல்கிற மாதிரி ஆகிவிடும் என்று கேட்கவில்லை என்றும் சொன்னேன். குசினிக்குள் சத்தம் நின்றுவிட்டது. அம்மா அகப்பையோடு வாசலில் வந்து நின்றாள். "இத எனக்கு ஒருநாளும் சொல்லல்லையே" என்றாள். நான் "நீ கேக்கல்லையே புள்ள" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அந்தக் கிழமையே உன்னிச்சைப் பக்கம் போகிற பஸ்காரப் பொடியனிடம் சொல்லி வரால் எடுப்பித்து, எங்கள் பக்கத்து மாதிரிப் புளி தூக்கலாகச் சமைத்து வைத்தாள். உன் சமூகவியலால் எனக்குக் கிடைத்த முதல் பலன் அந்த மீன் குழம்புதான். சிரிக்காதே. என்னைக் கேட்க ஒரு ஆள் வந்தது, கேட்டதைக் காதில் வாங்க இன்னொரு ஆள் இருந்தது. அதற்காக உனக்கு நான் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அதன் பிறகுதான் உன் வேலையை நான் கவனிக்கத் தொடங்கினேன். கடைசி வருசத்தில், வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பிய பெண்களைப் பற்றி எழுதப்போகிறேன் என்று ஏறாவூருக்குப் போனாய். தனியாக விட மனமில்லாமல் நானும் வந்தேன். அந்த உம்மாவை மறந்திருக்க மாட்டாய். குவைத்தில் கனகாலம் இருந்து வந்தவர், இடியப்பம் அவித்து விற்கிறவர். முதல் நாள் நீ ஒன்றும் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாய். இரண்டாம் முறை போனபோதும் வெங்காயம்தான். நான் வெளியே அவருடைய புருசனோடு உட்கார்ந்து, "இதுக்கா கம்பஸ்? வெங்காயம் உரிக்கிறதுக்கா?" என்று மனசுக்குள் புழுங்கினேன். மூன்றாம் முறை அவரே தொடங்கினார். "அங்க உங்களுக்கு எப்பிடி இருந்திச்சி" என்று நீ மெல்லக் கேட்டதும், அவர் கையிலிருந்த மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னது எனக்கு வெளியே கேட்டது: "இந்தக் கேள்விய ஒருத்தரும் கேக்கல்ல மகள். வந்து இறங்கின நாள்ல இருந்து எல்லாரும் என்ன கொண்டு வந்தீங்க எண்டுதான் கேட்டாங்க." அவருடைய புருசன் எனக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏறி இறங்கிய பெண்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். கொழும்புக்குப் போகிற பஸ்ஸில் நான் எத்தனை பெண்களுக்கு டிக்கெட் கிழித்திருப்பேன். ஒரு பை, புதுச் செருப்பு, அழுத கண். "எங்க இறங்குறது?" என்று மட்டும்தான் அவர்களைக் கேட்டிருக்கிறேன். என் மகள் அதற்கு அங்காலே ஒரு கேள்வியைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

பெருமை கூடினால் வாய் நீளும் என்பார்கள். என் வாயும் நீண்டது. நீ மேற்படிப்புக்கு நோர்வே போனதும், என்ன படிக்கிறாள் என்று கேட்டவர்களுக்குச் 'சமூகவியல்' என்றால் விளங்கவில்லை. "குடிபெயர்ந்து வாற ஆக்களைப் பற்றி, இமிகிரேசன் பற்றி" என்று சொல்லிப் பார்த்தேன். அது நன்றாக விளங்கிவிட்டது. கரடியனாத்தார்ட மகள் நோர்வே இமிகிரேசன்ல பெரிய வேலை என்று ஊர் முழுக்கப் பரவியது. அடுத்த கிழமை வாசல் படலையடியில் ஆட்கள். பழைய டிப்போச் சிநேகிதர் தன் மகனுடைய பாஸ்போர்ட்டைப் பிரதி எடுத்துக் கொண்டுவந்தார். ஒருவர் வாவி நண்டு ஒரு கோர்வை கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாத்துச் செய்யச் சொல்லுங்க" என்றார். அவள் விசா கொடுக்கிறவள் இல்லை, விசா எடுத்துப் போனவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்கிறவள் என்று நான் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நண்டு நல்ல சதைப்பற்றாக இருந்தது. பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். நண்டுக்காரர் மட்டும் இன்னும் நம்பவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்கிறார். உன் கல்யாணத்துக்கு வந்து மருமகனோடு படம் எடுத்துக்கொண்டாரே, அவர்தான்.

நீ நோர்வேயில் இறங்கிய முதல் மாதம் எங்களுக்கு நித்திரை இல்லை. அறை வாடகைக்குத் தேடி நீ அலைந்தாய். போனில் உன் பெயரைச் சொன்னதும், இப்போதுதான் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்றார்களாம். எங்களிடம் நீ அதைப் பகிடியாகச் சொன்னாய். அம்மா சிரிக்கவில்லை. பிறகு ஒரு வயதான மனுசி, இங்கிரிட், உன்னை நேரே வரச்சொல்லி, கோப்பி ஊற்றித் தந்து, மேல்மாடியில் தன் மகளுடைய அறையைத் தந்தாள். கலியாணம் கட்டிப் போன மகளுடைய பொம்மைகளையும் பனிச்சறுக்குக் கட்டைகளையும் கீழே இறக்கிவிட்டு உன் பெட்டியை வைக்க இடம் பண்ணினாள். அந்தச் செய்தி வந்த வெள்ளிக்கிழமை அம்மா கோயிலில் ஒரு விளக்குக் கூடுதலாக வைத்தாள். ஐயர் யார் பெயருக்கு என்று கேட்க, "இங்கிரிட்" என்றாள். ஐயர் நட்சத்திரம் கேட்டார். "அது எனக்குத் தெரியாது ஐயா, நல்ல மனுசி" என்றாள். அன்றிலிருந்து ஒரு வெள்ளியும் அந்த விளக்குத் தவறவில்லை.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்திருக்கிறா. கோமதி என்று பெயர், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. புருசன் கொழும்பில் வேலை. தாயைக் கூட்டிக்கொண்டு வந்து டவுனில் ஒரு இருண்ட அறையில் இருக்கிறா, காலையில் இரண்டு பஸ் மாறி வருகிறா. ஊருக்குள் வீடு கேட்டு ஏறாத படலை இல்லை. வீடு இருக்கிறவர்களும் "என்ன ஆக்கள்?" என்று கேட்டுவிட்டு, பார்த்துச் சொல்கிறோம் என்கிறார்கள். ஒரு மழை நாள் பஸ் நிறுத்தத்தில் நனைந்துகொண்டு நின்றவரை நான்தான் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அம்மா துவாய் கொடுத்தாள், தேத்தண்ணீர் கொடுத்தாள், பிறகு வழக்கம்போல, "நீங்க என்ன குடி?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை முழித்தது. "எங்க பக்கத்துல அப்படியெல்லாம் ஒன்னும் இல்லீங்கம்மா. தோட்டத்துல நாங்க இருந்த லயம் எதுன்னு கேட்டா சொல்லுவேன்" என்றது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

டீச்சர் போன பிறகு நான் மெல்லச் சொன்னேன், முன்வீடு சும்மாதானே கிடக்கிறது என்று. அவளுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "அது மகள்ட வீடு. மகள் வந்து இருக்கப்போற வீட்டில முன்பின் தெரியாத ஆக்களை விடுறதா? உங்களுக்கு மூளை கெட்டுப் போச்சா?" மூன்று நாள் எனக்குத் தேத்தண்ணீர் சீனியில்லாமல் வந்தது. அதற்கு நடுவில்தான் உன் போன் வந்தது. வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்கிறாய். நான் முற்றத்தில் நின்று பூட்டிய கதவைப் பார்த்தேன். எனக்கு அந்த வீட்டின் மேல் முதல்முறையாகக் கோபம் வந்தது. உனக்கு என்று கட்டிய வீடு உன்னையே கட்டி இழுப்பதா? உள்ளே போய் அம்மாவிடம் சொன்னேன். "இஞ்ச பாரு புள்ள. ஒரு விசயம் கேக்கிறன், கோவிக்காத. அந்த நோர்வே மனுசி நம்மட புள்ளைக்குக் குடுத்தது ஆர்ட அறை?" அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு நின்றது. "தன்ட மகள்ட அறை" என்றாள். அன்றைக்குத் தேத்தண்ணீரில் சீனி இருந்தது.

அடுத்த நாள் காலையில் முன்வீட்டு யன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. உன் கல்யாணப் படத்தைத் துடைத்து, திரும்ப அதே இடத்தில் மாட்டியிருந்தாள். உன் சேலைப் பெட்டியைப் பின்வீட்டுக்குக் கொண்டுவந்து எங்கள் கட்டிலுக்குக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "மகளிட்டக் கேளுங்க. அவள்ட வீடு, அவள் ஓம் எண்டாத்தான் எனக்கும் ஓம். வேலைய விட்டுட்டு வாறது எண்டா வரட்டும், நான் வேணாம் எண்டு சொல்லமாட்டன். ஆனா வீடு வெறுமையாக் கிடக்கு எண்டு வாறதெண்டா, வீடு வெறுமையா இல்ல எண்டு சொல்லுங்க." மனே, நான் இவளோடு இத்தனை காலம் குடும்பம் நடத்திவிட்டேன். இவள் இப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

உனக்கு நான் புத்தி சொல்லத் தேவையில்லை. வந்தேறியவர்களைப் பற்றி நீ எழுதியதைப் பல நாட்டார் படிக்கிறார்கள். ஆனால் படிப்பது வேறு, வந்தேறி இருப்பது வேறு. அதில் நான் உனக்கு மூத்தவன். நம் தாய்வழியில் கலியாணம் கட்டி இன்னொரு ஊரில் இருக்கிற முதல் பெண் நீதான், அம்மாவால் உனக்கு இதைச் சொல்லித்தர முடியாது. ஆகவே கேள். 'எங்கட ஊரில' என்று எல்லாவற்றையும் தொடங்காதே, ஆனால் அதை முழுக்க விழுங்கியும் விடாதே. ஆசைப்பட்டதை வாய்விட்டுக் கேள், உன் அப்பனைப் போல வரால் குழம்புக்குக் காலம் முழுக்கக் காத்திருக்காதே. அவர்கள் தோணியை ஆட்டினால் விழு, சிரித்துக்கொண்டு எழும்பு. ஆனால் அடுத்த முறை துடுப்பை உன் கையில் கேள். அழுகை வந்தால் தூசி என்று சொல்லாதே, மருமகனிடம் சொல். மெத்தையை உள்ளே இழுத்த மனிதர் அவர், கேட்பார். எங்களுக்காக வர வேண்டும் என்றால் விடுமுறைக்கு வா. பின்வீட்டில் எங்களோடு பாயில் படு. கூரையை நான் திருத்திவிட்டேன்.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். நேற்றுப் பின்நேரம் படலையடியில் பக்கத்து வளவு மச்சாள் நின்றாள். யன்னல்கள் திறந்து கிடந்ததைப் பார்த்துவிட்டாள். அம்மாவிடம் விசயத்தைக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "என்னகா இது, பெத்த மகளுக்குக் கட்டின வீட்டில போயும் போயும் வந்த ஆக்களையா வைக்கப்போறாய்?" என்று கேட்டாள். நான் பின்னால் விறகு கொத்திக்கொண்டிருந்தேன். அம்மா என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, பால் பல் விழுந்த வாயோடு நீ அன்றைக்குக் கோயிலில் கேட்டதை, அதே சொல்லில், அந்த மச்சாளிடம் கேட்டாள்: "எவ்வளவு காலத்துக்குகா வந்த ஆக்கள்?"

மச்சாளும் அந்த வண்ணக்கர் ஐயாவைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு நடையைக் கட்டினாள். நான் கோடாரியைப் போட்டுவிட்டு அழுதேன் மகள். தூசி இல்லை.

அந்த வேலைக்கு ஓம் என்று எழுது. எழுதிவிட்டு அம்மாவுக்கும் ஒரு ஓம் அனுப்பு. அவள் முன்வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு திரிகிறாள். உன் ஓம் வரும் என்று நம்பி அடுத்த திங்கள் டீச்சரை வரச்சொல்லியிருக்கிறாள், முதல் நாள் சாப்பாட்டுக்கு என்ன பிடிக்கும் என்றும் கேட்டுவைத்துவிட்டாள்.

அப்பா